படர்தாமரை என்று எழுதிய சீட்டு

மத்தியப் பூங்கா, நீச்சல் குளம், மருத்துவ அறை
16 ஜூன் 1987

பார்னோவுக்கு,

நீங்கள் ஊரை விட்டு உன் மாமியார் வீட்டோடு போய் எட்டு நாளாகிவிட்டது. போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு வரிகூட வரவில்லை. பஸ்ஸில் ஹிலோலாவுக்கு வாந்தி வந்ததா? முன் இருக்கையில் உட்கார வைக்கச் சொல்லி எர்காஷிடம் சொல்லியிருந்தேன். உன் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், அதோடு சரி.

இங்கே வெயில் நாற்பத்து நாலு. பூங்கா மரங்களுக்கு ஒரு நாள் குழாய் திறக்காவிட்டால் மறுநாள் இலை சுருண்டுவிடுகிறது. ஊர் மொத்தமும் குளத்தில்தான் கிடக்கிறது. சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வருகிறார்கள். குளத்தில் இறங்க நோயில்லை என்று சீட்டு வாங்க என் அறை வாசலில் நிற்கிற வரிசை ஐஸ்கிரீம் வண்டி வரைக்கும் போகிறது. நாக்கை நீட்டு, விரலை விரி, பாதத்தைக் காட்டு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

நீச்சல் பயிற்சியாளர் ஹிலோலாவைப் பற்றிக் கேட்டார். ஜூலைப் போட்டிப் பட்டியலில் அவள் பெயரை இன்னும் அடிக்கவில்லையாம். அடுத்த வருஷம் வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முடியைப் பற்றிக் கவலைப்படாதே. படர்தாமரை என்று தோல் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மழிக்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் விதி. முடி வளரும். இருபத்தொரு நாள் தனி வார்டில் இருந்ததையும் மறந்துவிடுவாள். பதினோரு வயதுதானே.

ஸைய்யோராவின் கல்யாணம் ஆகஸ்ட் ஒன்பது என்று முடிவாகிவிட்டது. சம்பந்தி ஹோஜர் அக்கா பேரப்பிள்ளைகளோடு தினமும் குளத்துக்கு வந்து குடைக்குக் கீழே உட்கார்ந்துவிடுகிறார். ரொட்டி பிட்டு நிச்சயம் செய்த பிறகும் மெத்தை எத்தனை, திரைச்சீலை என்ன நிறம் என்று கேள்வி ஓயவில்லை. நீ ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. சின்னம்மா கையால் நாற்பது பின்னல் போட்டால்தான் மணமகளாக உட்காருவேன் என்கிறாள் உன் அக்கா மகள்.

பதில் போடு.

மவ்ஜுதா

*

கத்தாகூர்கான்
27 ஜூன் 1987

அக்கா,

பஸ்ஸில் வாந்தி வரவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஏழு மணி நேரமும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள்.

என் மகள் தலையில் பின்னுவதற்கு ஒரு மயிர் இல்லை. உன் மகளுக்கு நான் நாற்பது பின்னல் போட வேண்டும். நல்லது.

உனக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். மாமியாருக்குத் தெரியாமல் ஹிலோலாவை இங்கே ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். முழங்கையைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் ஆஸ்பத்திரியில் தந்த காகிதக் கட்டைப் புரட்டி, அடியிலிருந்த குளத்துச் சீட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"யாரும்மா இதைப் படர்தாமரைன்னு எழுதினது?"

"குளத்து டாக்டர்."

"எழுதினவங்களுக்குக் கண்ணு தெரியாதா, இல்ல ரொம்ப நல்லாத் தெரியுமா? இது வெண்புள்ளி. யாருக்கும் ஒட்டாது. பிள்ளை தாராளமா நீந்தலாம்."

அந்தச் சீட்டை அன்றுதான் நான் கையில் வாங்கிப் பார்த்தேன். டாக்டர் எழுதினார் என்று நீதான் என்னிடம் சொன்னாய். சின்ன வயதில் என் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் நீதான் பெயர் எழுதிக் கொடுப்பாய். கடைசி எழுத்தின் வாலை மேலே சுழித்துவிடுவாய். அந்த வால் அந்தச் சீட்டில் இருக்கிறது.

அவசரமில்லை. யோசித்து, நல்ல பொய்யாக எழுது.

பார்னோ

*

மருத்துவ அறை
8 ஜூலை 1987

பார்னோ,

உன் கடிதத்தை மூன்று நாள் மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். பூட்டினால் என்ன ஆகிவிடும்? எழுதியது நான்தான். டாக்டர் அன்றைக்கு வரவே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மே பன்னிரண்டு. வரிசையில் ஹிலோலா ஆறாவது ஆள். ரப்பர் தொப்பியை வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். "பெரியம்மா, இந்த வருஷம் குளத்துல முதல்ல குதிக்கிறது நான்தான்" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினாள். முழங்கையில் இரண்டு புள்ளி, முழங்காலில் ஒன்று. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக இந்த ஊர் ஜனங்களின் தோலைப் பார்க்கிறேன், தெரியாமல் எப்படி இருக்கும்? குளத்தில் விடக்கூடாத நோய்களின் பட்டியலில் அது கிடையாது. முத்திரையை மையில் ஒற்றிக் கையில் எடுத்துவிட்டேன்.

அவளுக்குப் பின்னால் ஹோஜர் அக்கா பேரனோடு நின்றிருந்தார். ரொட்டி பிட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"என்ன மவ்ஜுதா, உங்க தங்கச்சி பொண்ணுக்கு முழங்கையில வெள்ளையா என்னமோ இருக்கே?"

அறையில் ஏழெட்டுத் தாய்மார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வெண்புள்ளி என்று நான் வாயைத் திறந்திருந்தால், அவர்கள் காதில் வெண்குஷ்டம் என்றுதான் விழுந்திருக்கும். அது ரத்தத்தில் வரும் என்று நம்புகிற ஊர் இது. ஏழு தலைமுறை துருவிப் பார்த்துப் பெண் எடுக்கிறவர்கள், தங்கை மகளுக்கு இருப்பது அக்கா மகளுக்கு வராதா என்று கேட்பார்கள். பிட்ட ரொட்டியைத் திருப்பி அனுப்புவார்கள். இதெல்லாம் யோசித்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். வாய் முந்திக்கொண்டது.

"படர்தாமரை, அக்கா. மருந்து போட்டா ரெண்டு வாரத்துல போயிடும்."

சிரித்துக்கொண்டே சொன்னேன், பார்னோ.

"பெரியம்மா, எனக்கு அரிக்கவே இல்லையே" என்றாள் ஹிலோலா.

"நீ சும்மா இரு" என்றேன்.

சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஹோஜர் பார்த்துக்கொண்டே நின்றார். படர்தாமரை என்று எழுதினால் ஒரு பிரதி சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அதை மேசைக்குள் போட்டு மறந்துவிடலாம் என்று நினைத்தேன். குளத்து இயக்குநர் சாயங்காலம் தானே வந்து எல்லாப் பிரதிகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். ஓடவில்லை. இரண்டு நாள் கழித்து அவளை ஏற்றிக்கொண்ட வண்டி பூங்காவைச் சுற்றித்தான் போயிற்று. நான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கக்கூட இல்லை.

தலையை மழிப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இல்லை, இதுவும் பொய். தோன்றியது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

மவ்ஜுதா

*

கத்தாகூர்கான்
17 ஜூலை 1987

அக்கா,

உன் வெட்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? துவைத்துக் காயப்போடவா?

இங்கே ஊருக்கு வெளியே பெரிய ஏரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜனங்கள் முலாம்பழமும் டீ போடச் சமோவரும் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விடுகிறார்கள். நாங்களும் போனோம். ஹிலோலாவுக்கு முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, தலையில் துணி. வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வழியாகப் பாதத்தை மட்டும் தண்ணீரில் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் கத்தினார்கள்.

"ஏய் மொட்டை, காலை எடு! எங்களுக்கும் ஒட்டிக்கும்!"

அவர்கள் மேல் தப்பில்லை. என் மாமியார்தான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். "எங்க பேத்திக்குப் படர்தாமரைதான், வேற ஒண்ணுமில்ல, அரசாங்கச் சீட்டே இருக்கு" என்று பெருமையாகச் சொல்கிறார். உன் சீட்டு இந்த வீட்டில் அவ்வளவு உதவியாக இருக்கிறது.

மறுநாள் முற்றத்துக் கட்டிலில் ஹிலோலா குப்புறப் படுத்துக் கையையும் காலையும் வீசிக்கொண்டிருந்தாள். என்னடி என்றேன். "நானூறு மீட்டர். நடுவுல பேசாதே" என்றாள்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டாம். குளத்து வாசலில் விதிகள் தொங்குகிற பலகை இருக்கிறதே, அதில் உன் கையால் எழுது. அவளுக்கு இருப்பது என்ன, எழுதிய பொய் யாருடையது, எல்லாம். ஹோஜரும் மற்றத் தாய்மார்களும் படிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் படிக்க வேண்டும். எழுதிவிட்டாய் என்று தெரிந்த அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். நாற்பது பின்னல் என்ன, எண்பது போடுகிறேன்.

பார்னோ

*

மருத்துவ அறை
29 ஜூலை 1987

பார்னோ,

இரண்டு தடவை எழுதினேன். ஒரு தடவை பலகை வரைக்கும் போய்விட்டேன். ஹோஜர் அக்கா குடைக்கு அடியிலிருந்து, "என்ன சம்பந்தி, புது விதியா?" என்று கேட்டார். காகிதத்தைத் திருப்பி, குளோரின் அளவு எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் எழுதுகிறேன். பதினோரு நாள்தான் இருக்கிறது. மெத்தைகள் தைத்தாகிவிட்டது, அழைப்பு போய்விட்டது. ஸைய்யோரா கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள். அந்தச் சிரிப்பை என் கையால் எப்படித் துடைப்பேன்? நீயும் ஒரு பெண்ணைப் பெற்றவள்.

எழுதி முடித்த பிறகுதான் கடைசி வரியைப் படித்துப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்றிருந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மவ்ஜுதா

*

கத்தாகூர்கான்
4 ஆகஸ்ட் 1987

அக்கா,

நாங்கள் வரவில்லை.

ஸைய்யோராவுக்குப் பட்டுத்துணி தனியாக அனுப்பியிருக்கிறேன். அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. நான் ஏன் வரவில்லை என்று கேட்டால் நீயே ஏதாவது சொல்லிக்கொள். அதில் உனக்கு என்ன கஷ்டம்?

பார்னோ

*

மத்தியப் பூங்கா
25 ஆகஸ்ட் 1987

பார்னோ,

கல்யாணம் நடந்துவிட்டது. பின்னலைப் பக்கத்து வீட்டுக்காரி போட்டாள். சின்னம்மா ஏன் வரவில்லை என்று ஸைய்யோரா கேட்டாள். காய்ச்சல் என்றேன். ஆட்டம் பாட்டம் எல்லாம் இருந்தது.

போன திங்கள்கிழமை தண்ணீர் மாற்றிக் குளத்தைக் கழுவினோம். செவ்வாய்க்கிழமை காலையில், கதவு திறப்பதற்கு முன்னால், பலகையில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று அப்படியே தருகிறேன்:

"மே 12 அன்று ஹிலோலாவுக்குப் படர்தாமரை என்று சீட்டில் எழுதினேன். அது பொய். அவளுக்கு இருப்பது வெண்புள்ளி. அது யாருக்கும் ஒட்டாது, தண்ணீரில் பரவாது. பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். அவள் என் தங்கை மகள், என் ரத்தம். செவிலி மவ்ஜுதா." கீழே முத்திரை போட்டேன்.

எழுதும்போது பயமே இல்லை. பயப்பட என்ன இருக்கிறது? கல்யாணம்தான் முடிந்துவிட்டதே. அதை நினைத்துத்தான் கூசிப்போனேன்.

ஹோஜர் அக்கா வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். குடையை மடக்கினார்.

"ரொட்டி பிட்டாச்சு, கல்யாணச் சோறும் தின்னாச்சு. இப்ப எழுதுறீங்க. கெட்டிக்காரிதான் சம்பந்தி நீங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. பேரப்பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு போனார். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னாலேயே போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். ஒரு அம்மாள், "ஒட்டாதுன்னா அப்புறம் என்ன? வெயில் கொளுத்துது, நகரு" என்று என்னைத் தள்ளிவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே போனாள். மதியத்துக்குள் இயக்குநர் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டார். இப்போது நான் வாசலில் செருப்புக்கு எண் வில்லை கொடுக்கிறேன். மருத்துவ அறைக்குப் புதுச் செவிலி வந்திருக்கிறாள்.

நான்காம் நாள் ஸைய்யோரா வந்தாள். புதுமணப்பெண் துணையில்லாமல் தெருவில் வந்தால் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். செருப்புக் கவுண்டர் முன்னால் நின்றாள்.

"அத்தை எனக்குத் தனிக் கிண்ணத்துல டீ ஊத்துறாங்கம்மா."

"என்னாலதான்டி. என்னை மன்னிச்சுடு" என்றேன்.

"கிண்ணத்துக்கு நான் அழல. பலகையில எழுதினதுக்கும் அழல. முன்னாடியே எழுதியிருந்தா, கல்யாணம் நின்னிருந்தா, ஒரு மாசம் அழுதிருப்பேன். அவ்வளவுதான். ஹிலோலாவை மொட்டையடிச்சுத்தான் எனக்குக் கல்யாணம் பண்ணணுமா? நான் கேட்டேனாம்மா உங்களை?"

வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை கத்தியது.

செப்டம்பர் பதினைந்தில் குளத்துத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். அதற்குள் ஹிலோலாவை ஒரு தடவை கூட்டி வா. அவள் நீந்தட்டும். எல்லோரும் எழுந்து போனாலும் குளம் முழுக்க அவளுடையதாக இருக்கட்டும். உன்னை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் வா.

மவ்ஜுதா

*

கத்தாகூர்கான்
6 செப்டம்பர் 1987

அக்கா,

இதை அஞ்சலில் போடாமல் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தாமதமாகக் கூடாது.

பலகையில் எழுதியதை ஹிலோலாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டிலில் ஏறிக் குதித்தாள். அன்றைக்கு முழுக்கைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைய வந்தாள். நம் ஊரிலிருந்து கொண்டு வந்த மாவுப் பெட்டியைத் தானே திறந்தாள். நான் தடுக்க எழுந்தேன், அதற்குள் அடி வரைக்கும் கையை விட்டுவிட்டாள்.

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்லாமல் இரண்டு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் துணி வாங்கப் போகிறேன் என்று சமர்கண்ட் போனேனே, துணிக்குப் போகவில்லை. ஹிலோலாவின் முழங்கையில் முதல் புள்ளி வந்திருந்தது. அங்கே ஒரு பெரிய டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது, எல்லாம் செய்யலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை எண்ணெய்த் துணியில் சுற்றி மாவுப் பெட்டிக்குள் புதைத்தேன். எர்காஷிடம்கூடச் சொல்லவில்லை. அவர் அம்மாவுக்குத் தெரிந்தால், நான் பிள்ளைக்கு மீனையும் பாலையும் சேர்த்துக் கொடுத்ததால்தான் வந்தது என்பார், என் வம்சத்தையே இழுப்பார் என்று பயம்.

அவளைக் கூட்டிப்போகச் சுகாதார நிலையத்துப் பெண்கள் வந்தபோது அந்தக் காகிதம் அடுப்படியில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் அவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போயிருப்பார்கள். ஹிலோலா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சொல்லும்மா, எனக்கு அரிக்கலன்னு சொல்லு" என்று அழுதாள். படர்தாமரை என்றால் ஆறிவிட்டது என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமே என்று என் மனசு கணக்குப் போட்டது. வாயை மூடிக்கொண்டேன். எழுத மேசை இல்லையென்று அந்த மாவுப் பெட்டியின் மேலேயே காகிதத்தை வைத்துத்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன்.

நீ எழுதியது ஒரு வரி. இருபத்தொரு நாளும் தினமும் காலையில் எழுந்து, அந்தப் பெட்டியைத் திறந்து மாவு எடுத்து ரொட்டி சுட்டு, ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக அவளுக்குக் கொடுத்தவள் நான். உன் கையெழுத்தைக் கண்டதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. பழி போட ஆள் கிடைத்துவிட்டது என்று.

ஹிலோலா காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். தேதியை விரலால் தொட்டாள்.

"அம்மா, இது பிப்ரவரி."

"ஆமா."

"என்னை வண்டியில ஏத்தினப்போ இது எங்க இருந்துச்சு?"

"இங்கதான்" என்றேன்.

காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னோடு நான்கு நாளாகப் பேசவில்லை. நேற்றுச் சாயங்காலம் வந்து நின்றாள்.

"நான் பெரியம்மாகிட்டப் போறேன். அவங்க எழுதிட்டாங்கல்ல. நீ வர வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மதியப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் அதே பஸ்ஸில் வருகிறார், பார்த்துக்கொள்வார். நீ நிறுத்தத்துக்கு வந்து அழைத்துக்கொள். முடி ஒரு விரல் அளவு வளர்ந்திருக்கிறது, அடையாளம் தெரியாமல் தேடாதே. பையில் முழுக்கைச் சட்டை வைக்கப் போனேன், எடுத்து வெளியே போட்டுவிட்டாள். நீந்திவிட்டுச் சாப்பிடாமல் தூங்கிவிடுவாள், எழுப்பி ஏதாவது கொடு.

புதுச் செவிலியிடம் காட்ட அந்தச் சமர்கண்ட் காகிதம் வேண்டும். கசங்காமல் உறையில் போட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்று தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

"உன்கிட்டக் குடுத்தா மறுபடியும் ஒளிச்சு வெச்சுடுவே" என்றாள்.

பார்னோ